ஆல்பெர் காம்யுவின் வாழ்வும் பொருள்தேடலும்: இருத்தலியல் என்னும் அடையாளத்தின் எல்லைகள்

ஆய்வுச்சுருக்கம்

நவீன இலக்கியத்தில் இருத்தலியல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் சார்த்தருடன் சேர்த்து எண்ணப்படுபவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு (1913-1960). எனினும் அவர் அவ்வடையாளத்தை ஏற்கவில்லை. அம்மறுப்பின் வேர்களை அவருடைய சிந்தனை நூல்களில் மட்டுமன்றி வறுமை, தாயின் மௌனம், நோய், போர் ஆகிய வாழ்க்கைச் சூழல்களிலும் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆல்பெர் காம்யு, இருத்தலியல், அபத்தம், கிளர்ச்சி, அல்ஜீரியா, மௌனம்.

முன்னுரை

இறைநம்பிக்கை தளர்ந்த காலத்தில், இரு உலகப் போர்களுக்கிடையே வளர்ந்த தலைமுறை, வாழ்வுக்குப் பொருள் உண்டா என்னும் வினாவை இலக்கியத்தின் மைய வினாவாக்கியது. காம்யுவுக்கு அவ்வினா நூலறிவிலிருந்து தோன்றியதன்று. அவர் பிறந்த வீட்டிலேயே அது விடையின்றிக் கிடந்தது. எனவே அவருடைய வாழ்க்கையை விலக்கிவிட்டு அபத்தம் என்னும் அவருடைய கருத்தாக்கத்தை மட்டும் ஆராய்வது முழுமை பெறாது.

வறுமையும் மௌனமும்

காம்யு 1913 நவம்பர் 7 அன்று, அன்று பிரான்சின் ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவின் மொந்தோவி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை லூசியன் மது உற்பத்தி நிறுவனமொன்றின் ஊழியர். முதல் உலகப் போரில் மார்ன் போர்க்களத்தில் காயமுற்று 1914 அக்டோபரில் அவர் இறந்தபோது குழந்தைக்கு ஓராண்டுகூட நிறைவடையவில்லை. தந்தையைப் பற்றி மகனுக்குக் கிடைத்த செய்திகள் மிகச் சில. கொலைக்குற்றவாளி ஒருவனுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்படுவதைக் காணச் சென்ற தந்தை, வீடு திரும்பி யாரிடமும் பேசாமல் வாந்தியெடுத்தார் என்பது அவற்றுள் ஒன்று. அந்நிகழ்ச்சி 'அந்நியன்' நாவலிலும், 1957இல் மரணதண்டனையை எதிர்த்து எழுதிய கட்டுரையிலும், இறுதி நாவலிலும் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது.

தாய் காத்தரீன் ஸ்பானிய மரபினர், செவிப்புலன் குறைந்தவர், எழுதப்படிக்க அறியாதவர். அல்ஜியர்ஸ் நகரின் பெல்கூர் பகுதியில், பாட்டியின் கண்டிப்புக்கு உட்பட்ட சிறு வீட்டில் தங்கி, பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து இரு மகன்களையும் வளர்த்தார். பேச்சு அரிதான அவ்வீட்டில் அன்பும் பெரும்பாலும் சொல்லின்றியே நிலவியது. பிற்காலத்தில் காம்யு படைத்த மாந்தர்களின் சுருங்கிய மொழிக்கு இம்மௌனம் ஓர் ஊற்றுக்கண் எனலாம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர் லூயி ழெர்மென் சிறுவனுக்குத் தனியே பாடம் சொல்லித்தந்து, அவனை வேலைக்கு அனுப்ப எண்ணியிருந்த பாட்டியையும் இணங்கச் செய்தார். 1924இல் உதவித்தொகையுடன் உயர்நிலைக் கல்வி கிட்டியது. அது வறுமையிலிருந்து வெளியேறும் வழியாக அமைந்தது. அதே வேளையில் படிப்பறியாத வீட்டிலிருந்து அவரைப் பிரிக்கவும் செய்தது.

நோயும் அபத்த உணர்வும்

காற்பந்தாட்டத்தில் இலக்குக் காவலராக விளங்கிய இளைஞரை 1930இல் காசநோய் தாக்கியது. அந்நாளில் அந்நோய்க்கு உறுதியான மருந்து இல்லை. பதினேழு வயதில் இறப்பு அவருக்குக் கருத்தாக அன்றி உடலின் அனுபவமாக அறிமுகமாயிற்று. புளோட்டினஸ், புனித அகஸ்டின் ஆகியோர் குறித்து 1936இல் ஆய்வேடு அளித்து மெய்யியல் பட்டம் பெற்றபோதும், நோயின் காரணமாக அரசுக் கல்விப்பணிக்கான தேர்வில் பங்கேற்கும் தகுதி மறுக்கப்பட்டது. இதழியல் அவரது தொழிலாயிற்று. 1939 ஜூனில் கபீலியப் பகுதியின் பஞ்சநிலையைப் பற்றி அவர் எழுதிய தொடர்கட்டுரைகள் குடியேற்ற ஆட்சியின் புறக்கணிப்பை வெளிப்படுத்தின.

1942இல் 'அந்நியன்' நாவலும் 'சிசிபஸ் தொன்மம்' என்னும் கட்டுரை நூலும் ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிசில் வெளிவந்தன. காஃப்கா யூதர் என்பதால் அவரைப் பற்றிய இயல் தணிக்கைக்கு அஞ்சி நீக்கப்பட்டு, தஸ்தயெவ்ஸ்கி பற்றிய இயல் அவ்விடத்தில் சேர்க்கப்பட்டது. பொருளைத் தேடும் மனிதனுக்கும் விடைதராத உலகுக்கும் இடையிலான முரணையே காம்யு அபத்தம் என்கிறார். அம்முரண் மனிதனிடம் மட்டும் இல்லை. உலகிடம் மட்டும் இல்லை. இரண்டும் எதிர்ப்படும் இடத்தில் உள்ளது. கீர்க்ககார், யாஸ்பர்ஸ், செஸ்தோவ் முதலிய சிந்தனையாளர் இம்முரணைக் கண்டுணர்ந்த பின்னும் அதிலிருந்து நம்பிக்கைக்குத் தாவிவிட்டனர் என்பது அவர் முன்வைக்கும் குறை. இருத்தலியலாளர் என அறியப்படும் காம்யுவின் முதன்மைச் சிந்தனை நூலே இருத்தலியலின் மீதான திறனாய்வையும் கொண்டுள்ளது என்பது இங்குக் கருதத்தக்கது. 1945இல் வெளியான நேர்காணலிலும் தாம் இருத்தலியலாளர் அல்லர் என்பதை அவர் தெளிவுபடுத்தினார்.

அபத்தத்திலிருந்து கிளர்ச்சிக்கு

1942இல் மருத்துவத்திற்காகப் பிரான்சின் மலைப்பகுதியில் தங்கியிருந்தபோது, நேசநாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கியதால் அல்ஜீரியா செல்லும் வழி அடைபட்டது. மனைவியையும் தாயையும் பிரிந்த அத்தனிமை, 1947இல் வெளிவந்த 'கொள்ளைநோய்' நாவலின் பிரிவுத்துயரில் படிந்துள்ளது. இடைப்பட்ட ஆண்டுகளில் 'கொம்பா' என்னும் எதிர்ப்பியக்க இதழின் ஆசிரியப் பொறுப்பேற்றார். ஹிரோசிமாவில் அணுகுண்டு வீசப்பட்ட இரண்டாம் நாளே, 1945 ஆகஸ்டு 8 அன்று, அதைக் கண்டித்து அவ்விதழில் தலையங்கம் எழுதினார்.

தனியொருவன் உணரும் அபத்தம், பலரும் பகிரும் துன்பமாக மாறும்போது கிளர்ச்சி பிறக்கிறது என்பது அவர் சிந்தனையின் அடுத்த படி. 1951இல் வெளிவந்த 'கிளர்ச்சியாளன்', வரலாற்றின் பெயரால் கொலையை நியாயப்படுத்தும் புரட்சிகளை மறுத்தது. 1952இல் சார்த்தரின் இதழில் பிரான்சிஸ் ழான்சோன் எழுதிய கடுமையான மதிப்புரையும் அதைத் தொடர்ந்த விவாதமும் காம்யு-சார்த்தர் நட்பை முறித்தன. பொருளை வரலாற்றின் முடிவில் தேடுவதா, நிகழ்கால மனிதனின் உடலிலும் துன்பத்திலும் தேடுவதா என்பதே அப்பிளவின் உட்பொருள்.

அல்ஜீரியாவும் இறுதி மௌனமும்

1954இல் தொடங்கிய அல்ஜீரிய விடுதலைப் போர் அவரது சிந்தனைக்குக் கடும் சோதனையாயிற்று. பொதுமக்களைத் தாக்குவதை இரு தரப்பும் கைவிட வேண்டும் என்று 1956 ஜனவரி 22 அன்று அல்ஜியர்சில் அவர் விடுத்த வேண்டுகோள் பயனளிக்கவில்லை. அதன்பின் பொதுவெளியில் பெரும்பாலும் மௌனம் காத்தார். மரணதண்டனை பெற்ற அல்ஜீரியருக்காகத் தனிப்பட்ட முறையில் பரிந்துரைத்தார். 1957இல் நாற்பத்து நான்காம் வயதில் நோபல் பரிசு பெற்றபோது தாய்க்கு அடுத்து அவர் நினைவில் வந்தவர் ஆசிரியர் ழெர்மென். அவருக்கு நன்றிக்கடிதம் எழுதினார். ஸ்டாக்ஹோமில் அல்ஜீரிய மாணவர் ஒருவர் வினவியபோது, குண்டுவீச்சுக்கு இலக்காகக்கூடிய தம் தாயை நினைத்து அவர் அளித்த விடை, நீதியைவிடத் தாயையே தேர்ந்தார் எனச் சுருக்கப்பட்டுப் பழிக்கு ஆளானது.

இம்மௌனத்தின் குறையை மறைப்பதற்கில்லை. 'அந்நியன்' நாவலில் கொல்லப்படும் அராபியனுக்குப் பெயரே இல்லை. குடியேற்ற ஆட்சியை இயல்பானதாகக் கருதும் பார்வை காம்யுவின் புனைவுகளில் உறைந்துள்ளது என எட்வர்ட் சையத் சுட்டியுள்ளார். கபீலியர் பசியைக் கண்ட கண்கள், அவர்களது நாட்டுரிமையை முழுமையாகக் காண இயலாமற் போனது காம்யு வாழ்வின் தீராத முரணாகும்.

1960 ஜனவரி 4 அன்று வில்பிளவன் அருகே நிகழ்ந்த கார் விபத்தில் காம்யு உயிரிழந்தார். சிதைவுகளிடையே கிடைத்த பையில் 'முதல் மனிதன்' நாவலின் முற்றுப்பெறாத கையெழுத்துப்படி இருந்தது. 1994இல் மகள் காத்தரீன் அதை வெளியிட்டார். தந்தையின் கல்லறையைக் காணும் மகன், மண்ணுக்கடியில் கிடப்பவர் தம்மினும் வயதில் இளையவர் என உணரும் இடம் அந்நாவலின் திருப்புமுனை. ஒருபோதும் அதைப் படிக்க இயலாத தாய்க்கே அந்நூல் உரித்தாக்கப்பட்டிருந்தது. 1960 செப்டம்பரில் தாயும் மறைந்தார்.

முடிவுரை

காம்யுவின் பொருள்தேடல் அபத்தத்தில் தொடங்கிக் கிளர்ச்சி வழியாக, பேசாதோரின் வாழ்வுக்குச் சொல் தரும் முயற்சியில் வந்து நிற்கிறது. கருத்தமைப்பு ஒன்றைக் கட்டுவது அவர் நோக்கமன்று. இருத்தலியல் என்னும் அடையாளம் அவருக்குப் பொருந்தாமைக்குக் காரணம் இதுவே. 1980இல் வெ. ஸ்ரீராமின் நேரடி மொழிபெயர்ப்பில் 'அந்நியன்' தமிழுக்கு வந்தது. தமிழ் ஆய்வுலகம் அந்நாவலை அந்நியமாதலின் சான்றாக மட்டும் கொள்ளாமல், முதல் வரியிலேயே தாயின் இறப்பைச் சொல்லித் தொடங்கும் படைப்பாகவும், படிக்கவியலாத தாய்க்கு உரித்தாக்கப்பட்ட 'முதல் மனிதன்' நாவலோடு இணைத்தும் வாசிக்கும்போது, காம்யுவின் தேடல் எங்குத் தொடங்கி எங்கு நின்றது என்பது தெளிவாகும்.