வாரத்துக்கு ஒருநாள்தான்... தினமும் போட்டால் ஆபத்து! 2 மாத்திரைகளுக்குப் பின்னால் ஒரு மெட்ராஸ் மாணவர்: யார் இந்த சுப்பாராவ்?

பட்டினப்பாக்கம் பக்கம் ஏதாவது ஒரு மெடிக்கலில் மூட்டுவாத நோயாளியின் மருந்துச் சீட்டை நீட்டினால், பெரும்பாலும் இரண்டு மாத்திரைகள் சேர்ந்தே வரும். ஒன்று மெத்தோட்ரெக்ஸேட், இன்னொன்று ஃபோலிக் அமிலம். பல கம்பெனிகளில் ரெண்டுமே சின்னதா, மஞ்சளா இருக்கும். ஆனால் ஒன்றின் வேலையே இன்னொன்றைத் தடுப்பதுதான். அப்புறம் ஏன் ஒரே ஆளுக்கு இரண்டும்? இந்த இரண்டிலுமே எல்லாப்ரகடா சுப்பாராவின் ஆய்வுக்கூடத்துக்குப் பங்கு இருக்கிறது.

மடத்துக்குப் போக நினைத்தவர்

1895 ஜனவரி 12-ல் பீமாவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில்தான் தாண்டினார், அதுவும் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். பிறகு பிரசிடென்சி கல்லூரி. மனசு மட்டும் மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில். சந்நியாசியாக ஆசை, அம்மா விடவில்லை. கடைசியில் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

காந்தியின் அழைப்பை ஏற்று கதர் கவுன் போட்டு அறுவை சிகிச்சைக்குப் போனதில் ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, ஒரு படி கீழான எல்.எம்.எஸ். தான் கிடைத்தது.

வீட்டிலும் இடி. சாப்பாட்டின் சத்தைக் குடல் உறிஞ்சாமல் போகும் ஸ்ப்ரூ நோயால் சகோதரர்கள் இருவர் எட்டு நாள் இடைவெளியில் இறந்தார்கள். அதே நோய் இவருக்கும் வந்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார்.

1923-ல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஊரில் விட்டுவந்த மனைவியை அதன்பிறகு பார்க்கவே இல்லை. ராத்திரியில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி சுத்தம் செய்யும் வேலை, பகலில் ஹார்வர்டு.

சத்தும் போலிச் சத்தும்

1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார். 1945-ல் அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவில் வரும் ரத்தசோகைக்கே அது மருந்தானது!

உடலில் புது செல் உருவாக ஃபோலிக் அமிலம் வேண்டும். ரத்தப் புற்றுநோய் செல்லுக்கும் அதே தீனிதான். அப்படியானால் பார்க்க ஃபோலிக் அமிலம் மாதிரியே இருந்து வேலை செய்யாத ஒன்றைக் கொடுத்தால்? பூட்டில் மாட்டிக்கொண்ட போலிச் சாவி மாதிரி. சுப்பாராவ் குழு அனுப்பிய அமினோப்டெரினை பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளுக்கு ஊசியாகப் போட்டார். 16 பேரில் 10 பேருக்கு முன்னேற்றம். நோய் திரும்பியது என்பதும் உண்மை. ஆனால் அதற்குமுன் இந்த அளவுக்குக்கூட யாரும் எட்டியதில்லை. ஆய்வு வெளியானது 1948 ஜூனில். ஆகஸ்டில் சுப்பாராவ் நியூயார்க்கில் இறந்தார், வயது 53.

அந்தக் குடும்பத்தில் அடுத்து வந்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட்.

ஏன் வாரம் ஒருமுறை?

புற்றுநோய்க்கு இதை அதிக அளவில் கொடுப்பார்கள். மூளைப் பக்கம் பரவாமல் தடுக்க, முதுகுத்தண்டு நீரில் ஊசியாகவும் போடுவார்கள். மாத்திரையாகப் போனால் அங்கே போதுமான அளவு எட்டாது.

மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் குறைந்த அளவு, வாரத்துக்கு ஒருநாள் மட்டும். செல்லுக்குள் போனால் இந்த மருந்து பல நாள் தங்கும். மறந்துபோய் தினமும் போட்டால், வேகமாகப் பெருகும் நல்ல செல்கள்தான் முதலில் அடிபடும்: வாய், குடல், எலும்பு மஜ்ஜை. உயிரே போகலாம். நல்ல செல்கள் ரொம்பப் பட்டினி கிடக்காமல் இருக்கத்தான் ஃபோலிக் அமிலம். பொதுவாக வேறு நாளில்.

குழப்பம் வருவதும் இங்கேதான். தினமும் போட வேண்டிய பிரஷர், சுகர் மாத்திரைகளோடு இதுவும் ஒரே டப்பாவில் கிடக்கும். வீட்டில் பெரியவர்கள் இதைச் சாப்பிட்டால் எந்தக் கிழமை எது என்று டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாத ரத்தக்கசிவு வந்தால் அடுத்த டோஸுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.