மூச்சின் வழி கண்ட இப்னுந் நபீஸ் (ரஹ்)

நாம் இழுக்கும் மூச்சு, இரத்தத்தோடு எங்கே கலக்கிறது? இதனைச் சரிவர விளக்கும் நூல்களுள் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையதை எழுதியவர் ஒரு ஷாபிஈ மத்ஹபு அறிஞர் என்பதை நீங்கள் அறிவீர்களா?

அலாவுத்தீன் இப்னுந் நபீஸ் (ரஹ்) அவர்கள் 1213-ஆம் ஆண்டளவில் சிரியாவில் பிறந்தார்கள். திமிஷ்கின் நூரி மருத்துவமனையில் அத்தக்வார் என்னும் ஆசானிடம் பயின்று, பின்னர் கெய்ரோவில் மருத்துவத் தலைவராக விளங்கினார்கள். அங்கே மஸ்ரூரிய்யா மதரஸாவில் பிக்ஹுச் சட்டமும் போதித்தார்கள்.

அந்நாளில் கிரேக்க மருத்துவர் ஜாலினூஸின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. இதயத்தின் நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே இரத்தம் வலப்பக்கமிருந்து இடப்பக்கம் கசிகிறது என்பது அவர் கொள்கை. ஆயிரம் ஆண்டுகளாக எவரும் அதனை அசைத்ததில்லை. 1242-இல், ஏறத்தாழ 29 வயதில், இப்னு ஸீனாவின் கானூன் நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு விரிவுரை எழுதப் புகுந்த இப்னுந் நபீஸ் அவர்கள் அதனை மறுத்தார்கள். அச்சுவர் கெட்டியானது, அதில் துளை ஏதுமில்லை. இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்து, பின்னரே இடப்பக்கம் சேர்கிறது. நுரையீரலின் இருவகை நாளங்களுக்கிடையே நுண்ணிய வழிகள் உள்ளன. இவையே அவர்கள் கண்ட முடிவுகள்.

எண்ணிப் பாருங்கள்! பேராசான்களின் நூலுக்கு உரை எழுத வந்த இளைஞர், அந்த ஆசான்களையே திருத்துவதா? உண்மையின் பக்கம் நின்றார்கள் அவர்கள்.

ஹிஜ்ரி 687, அதாவது 1288 டிசம்பரில் வபாத்தானார்கள். நோயுற்றிருந்தபோது மருந்தாகத் தரப்பட்ட மதுவையும் ஏற்க மறுத்தார்கள் என வரலாறு கூறும். தம் இல்லத்தையும் நூல்களையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கே வக்பு செய்தார்கள்.

1661-இல் இத்தாலியரான மால்பிகி, தவளையின் நுரையீரலில் அந்நுண்ணிய வழிகளை உருப்பெருக்கியால் கண்டார். இப்னுந் நபீஸின் விரிவுரையோ நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1924-இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்தத்தாவியின் ஆய்வால் வெளிச்சத்திற்கு வந்தது.

2020-இல் கொரோனா பரவியபோது, நம் சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு இல்லங்களிலும் விரல் நுனியில் சிறு கருவி ஒன்றை மாட்டிப் பார்த்தீர்கள் அல்லவா? அது விரலின் நுண்நாளங்களூடே சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் செலுத்தி, இரத்தத்தின் பிராணவாயு நிறைவை அளக்கிறது. நாடியலை காட்டும் கருவிகளில், அவ்வலை மூச்சுக்கேற்ப ஏறி இறங்குவதையும் காணலாம். மூச்சிழுக்கையில் நெஞ்சறையின் அழுத்தம் குறைந்து, இதயத்திற்குத் திரும்பும் இரத்தத்தின் அளவு மாறுவதே காரணம். திடீரென ஆழ்ந்து மூச்சிழுத்தால் விரலின் நுண்நாளங்கள் சற்றே சுருங்கவும் செய்யும்.

ஆசான்களை மதிப்போம், அவர்கள் சொல்லையும் ஆராய்ந்தே ஏற்போம். அத்தகைய தெளிவை அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக! ஆமீன்.