லிஸ்ட் வச்சிருந்த தாடிக்காரர்

உங்க லேப்டாப்பில் உபுண்டு. காலேஜ் லேபில் விண்டோஸ். ராத்திரி 11 மணிக்கு மந்தைவெளி ரூமில் உட்கார்ந்து, லேப் மெஷினை ரிமோட்டில் பிடிக்கப் பார்க்கிறீங்க. வி.பி.என். போட்டாச்சு. ஐ.பி. அட்ரஸும் சரி. ஆனா ரெம்மினா சுத்திக்கிட்டே இருக்கு. நாம என்ன பண்ணுவோம்? முதலில் விண்டோஸைத் திட்டுவோம், அப்புறம் லினக்ஸைத் திட்டுவோம்.

ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ரெண்டு மெஷினைப் பேச வைக்கிற இந்தத் தலைவலிக்கு அரை நூற்றாண்டுக்கு மேல வயசாச்சு. அதைத் தீர்க்கிறதிலேயே வாழ்நாளைச் செலவழிச்சவர் ஜான் போஸ்டல்.

1943 ஆகஸ்ட் 6-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் பிறந்தவர். இன்டர்நெட்டின் தந்தைகளில் ஒருவர்னு சொல்லப்படுற விண்ட் செர்ஃப், ஸ்டீவ் கிராக்கர், இவர் மூணு பேருமே வான் நைஸ் என்ற ஒரே பள்ளிக்கூடத்தில் படிச்சவங்க. 1966-இல் யு.சி.எல்.ஏ.வில் இன்ஜினியரிங் டிகிரி, 1968-இல் மாஸ்டர்ஸ், 1974-இல் டாக்டர் பட்டம். நீளத் தாடி, காலில் செருப்பு. பார்த்தா ஆஃபீஸ் ஆள் மாதிரியே தெரியாது.

அவர் யு.சி.எல்.ஏ.வில் ஆராய்ச்சி மாணவராக இருந்தப்போதான், 1969 அக்டோபர் 29 ராத்திரி அந்த லேபில் இருந்து முதல் ரிமோட் லாகின் முயற்சி நடந்தது. மறுமுனை 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம். நமக்குச் சென்னையும் கோயம்புத்தூரும் மாதிரி. ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே கம்பெனி தயாரிப்பு, ஆனா மாடல் வேற, ஓ.எஸ். வேற. லாகின் என்ற சொல்லில் முதல் ரெண்டு எழுத்து போய்ச் சேர்ந்தது. மூணாவது எழுத்து போனதும் ஸ்டான்ஃபோர்டு மெஷின் மீதி எழுத்துகளைத் தானே சேர்த்துத் திருப்பி அனுப்பப் பார்த்தது. ஒரு தடவைக்கு ஒரு எழுத்துன்னு நினைச்சு இடம் ஒதுக்கியிருந்ததால் சிஸ்டம் படுத்துடுச்சு. சரி பண்ணி ஒரு மணி நேரம் கழிச்சு லாகின் ஆனாங்க. இதில் எந்த மெஷினும் கெட்டுப்போகலை என்பதைக் கவனிங்க. ரெண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன விஷயம் பேசி முடிக்கப்படாம இருந்தது, அவ்ளோதான்.

அப்படிப் பேசி முடிக்கிற வேலைக்குள்ள போஸ்டல் இறங்கினார். பத்து வகை மெஷின் இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு ஜோடிக்கும் தனியா ஏற்பாடு பண்ணினா 45 ஏற்பாடு வேணும். அதுக்குப் பதிலா, எங்கேயுமே இல்லாத கற்பனையான ஒரு பொது டெர்மினலை எல்லோரும் ஒத்துக்கிட்டா பத்து போதும். ஒவ்வொரு மெஷினும் தன் பேச்சை அந்தப் பொது வடிவத்துக்கு மாத்தினா சரி. டெல்நெட் இந்த யோசனையில்தான் ஓடுது. பலர் சேர்ந்து வளர்த்த அதன் இறுதி வடிவத்தை 1983 மே மாதம் ஆர்.எஃப்.சி. 854 ஆக எழுதியவர்கள் போஸ்டலும் ஜாய்ஸ் ரேனால்ட்ஸும். ஒரு வரி எப்படி முடியணும் என்கிற அளவுக்குக்கூட அதில் விதி இருக்கு. யூனிக்ஸ் ஒரு குறியீட்டில் வரியை முடிக்கும், வேற மெஷின் ரெண்டு குறியீட்டில் முடிக்கும். அதைக்கூட விடலை மனுஷன்.

அடுத்தது எண்கள். எந்தச் சேவை எந்த எண்ணில் காத்திருக்கும்னு ஆளாளுக்கு முடிவு பண்ணினா என்ன ஆகும்? 1972 மே மாதம் போஸ்டல் ஒரு குறிப்பு எழுதினார்: இந்த எண்களைக் கொடுக்க ஒருத்தர் வேணும், அது நானாக இருக்கலாமா என்று. அன்றிலிருந்து சாகும் வரைக்கும் அந்த லிஸ்ட் அவர் பொறுப்பு. 1977-க்கு அப்புறம் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐ.எஸ்.ஐ. நிறுவனத்தில் இருந்துகொண்டு, ஆர்.எஃப்.சி.களையும் எடிட் செய்தார், லிஸ்ட்டையும் பார்த்துக்கிட்டார். 1995 ஜூலையில் ஃபின்லாந்தின் டாட்டு யுலோனென் எஸ்.எஸ்.எச். எழுதிவிட்டு ஒரு எண் கேட்டு மெயில் போட்டார். மறுநாளே ஜாய்ஸிடமிருந்து பதில் வந்தது: 22. டெல்நெட்டின் 23-க்கும் எஃப்.டி.பி.யின் 21-க்கும் நடுவில் காலியாக இருந்த இடம்.

உங்க பிரச்சினையையும் இதே மாதிரி அடுக்கடுக்கா பாருங்க. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு எண் 3389. கனெக்ஷன் உடனே மறுக்கப்பட்டா, பொதுவா மெஷின் வரைக்கும் போயாச்சு, அந்த எண்ணில் யாரும் கேட்கலைன்னு அர்த்தம். ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் பண்ணணும். அந்த விண்டோஸ் ஹோம் எடிஷன்னா அந்த வசதியே அதில் கிடையாது. பதிலே வராம நேரம் முடிஞ்சா, பெரும்பாலும் நடுவில் ஃபயர்வால் இருக்கும். எல்லாம் சரி, பாஸ்வேர்டு மட்டும் தப்புன்னு வருதா? கீபோர்டு லேஅவுட்டைப் பாருங்க. ஒரு பக்கம் அமெரிக்கன், மறு பக்கம் பிரிட்டிஷ் என்றால் மெயில் ஐடியில் வர்ற அந்த அட் குறியும் டபுள் கோட்ஸும் இடம் மாறிடும். நீங்க சரியாத்தான் அடிக்கிறீங்க, அங்கே வேற எழுத்து விழுது.

போஸ்டல் கதையில் கஷ்டமான பகுதி கடைசி வருஷம். 1998-க்குள் இன்டர்நெட் பெரிய காசு புழங்கும் இடமாகிவிட்டது. இத்தனை அதிகாரம் ஒரு தாடிக்காரர் கையில் எப்படி என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். ஜனவரி 28-ஆம் தேதி, பெயர்களை எண்களாக மாத்துற 13 ரூட் சர்வர்களில் 8-ஐ நடத்துறவங்களுக்கு மெயில் அனுப்பினார்: இனி மூலப் பட்டியலை அரசு ஒப்பந்தக் கம்பெனியிடம் எடுக்காதீங்க, எங்க சர்வரிலிருந்து எடுங்க என்று. எட்டு பேரும் மாத்திட்டாங்க. யாரும் கட்டாயப்படுத்தலை, அவர் சொன்னார் என்பதே போதுமா இருந்தது. அமெரிக்க அரசு கோபப்பட்டது. அது வெறும் டெஸ்ட் என்று சொல்லி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திருப்பினார். சோதனையா, எதிர்ப்பா என்று இன்னமும் விவாதம் நடக்குது.

பொறுப்பை ஒரு அமைப்பிடம் ஒப்படைக்க அவரே வேலை செய்தார். செப்டம்பர் 30-இல் ஐகான் பதிவானது. அடுத்த மாதம் 16-ஆம் தேதி, இதய ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கலில், 55 வயதில் போஸ்டல் இறந்தார். செர்ஃப் எழுதிய அஞ்சலி ஆர்.எஃப்.சி. 2468 ஆக வெளியானது. அவர் வருஷக்கணக்கா எடிட் செய்த அதே வரிசையில்.

பிளேஸ்மென்ட் சீசனில் லிஸ்ட் பராமரிக்கிற வேலைன்னா நம்மில் யார் அப்ளை பண்ணுவோம்? இன்னிக்கு ஒரு வேலை பண்ணுங்க. லினக்ஸில் ஈ.டி.சி. ஃபோல்டருக்குள் சர்வீசஸ் என்ற ஃபைலைத் திறங்க. விண்டோஸில் சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈ.டி.சி. என்று உள்ளே போனால் அதே பெயரில் ஒரு ஃபைல் இருக்கும். எதிலும் ஒத்துப்போகாத இந்த ரெண்டு ஓ.எஸ்.ஸிலும் டெல்நெட்டுக்கு நேரே 23 என்றுதான் போட்டிருக்கும். அது அவர் லிஸ்ட்.