அவானாவில் விலகிய அமைச்சன்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த என் வீட்டுத் திண்ணையில், சென்ற கிழமை பழைய மாணவர் ஒருவரோடு சதுரங்கம் ஆடித் தோற்றேன். தோல்வி எனக்குப் புதிதன்று. காலாளைப் பலியிட்டுத் தொடங்கிய தாக்குதல் நன்கு கனிந்திருந்தும், வெல்லும் நகர்வு கண்முன்னே கிடக்க அதனைக் காணாது விட்டேன். அதுவே இரவு முழுதும் உறுத்திற்று. உறக்கமின்றிக் கிடந்த எனக்கு, இதுபோன்றதொரு துறைமுகப் பட்டினத்தில் உலகப் பட்டத்தையே கைநழுவவிட்ட மிகைல் சிகோரின் நினைவுக்கு வந்தார்.

1850இல் ருஷியாவின் கச்சினாவில் பிறந்த சிகோரின், இளமையிலேயே பெற்றோரை இழந்து அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியில் வளர்ந்தவர். பதினாறாம் வயதில் அவருக்குச் சதுரங்கம் கற்பித்தவர் ஓர் ஆசிரியரே என்பது நம் போன்றோர்க்கு மகிழ்ச்சி தருவது. அரசாங்க எழுதுவினைஞராயிருந்த அவர் அவ்வேலையை உதறிச் சதுரங்கத்தையே வாழ்வாக ஏற்றார். 1876இல் அதற்கெனச் சஞ்சிகையும் தொடங்கினார்.

மேனாட்டார் 'கிங்ஸ் காம்பிட்' என வழங்கும் தொடக்கம் அவருக்கு உயிர். இரண்டாம் நகர்விலேயே ஒரு காலாளைப் பகைவனுக்கு ஈந்து, தாக்குதலுக்கு வழி திறப்பது அது. அரசனுக்கும் அதனால் ஆபத்துண்டு, அஞ்சுவோர்க்கு உரியதன்று.

1889இல் கியூபாவின் அவானாவில் உலக வீரர் ஸ்ரைனிற்ஸிடம் தோற்ற சிகோரின், 1890-91இல் தந்தி வழியாக ஆடிய இரு ஆட்டங்களிலும் அவரை வென்றார். 1892இல் இருவரும் அவானாவிலே மீண்டும் மோதினர். இருபத்திரண்டு ஆட்டங்கள் முடிந்தபோது ஸ்ரைனிற்ஸுக்கு ஒன்பது வெற்றி, சிகோரினுக்கு எட்டு. அடுத்ததை வென்றால் இருவரும் சமம். சிகோரின் அந்தப் பலித் தொடக்கத்தையே ஆடினார். ஒரு காய் மிகுதியாகவும் பெற்றார். வெற்றி உறுதி என்றே பார்த்தோர் கருதியிருப்பர்.

அவருடைய அமைச்சன் ஒருவன், அரசன் அருகிலிருந்த காலாளை எட்டநின்று காத்துக்கொண்டிருந்தான். ஸ்ரைனிற்ஸின் இரு கோட்டைகளோ அரசன் வாசலிலேயே நின்றன. முப்பத்திரண்டாம் நகர்வில் சிகோரின் அவ்வமைச்சனை விலக்கினார். ஒரு கோட்டை அக்காலாளை வெட்டி அரசனைத் தாக்கிற்று. அடுத்த நகர்வில் அரசன் மடிவது திண்ணம். ஆட்டமும் பட்டமும் ஒருங்கே போயின. வள்ளுவர் அமைச்சுக்கென ஓர் அதிகாரமே வகுத்தது நினைவுக்கு வருகிறது.

உலகப் பட்டத்துக்கு அவர் பின்னர் ஆடவில்லை. அந்தத் தொடக்கத்தையோ விடவில்லை. 1895இல் ஹேஸ்ரிங்ஸ் போட்டியின் முதல் ஆட்டத்தில், அப்போட்டியையே வெல்லப்போகும் பில்ஸ்பரியை அதனாலேயே வீழ்த்தினார்; தாம் இரண்டாம் இடம் பெற்றார். 1903இல் வியன்னாவில், எல்லாரும் அத்தொடக்கத்தையே ஆடவேண்டுமென்ற விதியோடு ஒரு போட்டி நடந்தது. பதினெட்டு ஆட்டங்களில் 13 புள்ளி பெற்று முதலாவதாக வந்தவர், ஐம்பத்திரண்டு வயதுச் சிகோரின்.

1908 சனவரியில் லுப்ளின் நகரில் அவர் காலமானார்.

பழைய மாணவர் ஞாயிறன்று மீண்டும் வருகிறார். வெள்ளைக் காய்கள் என் முறை.