பாங்கிப்பூர்ப் புத்தகச் செல்வர்

நூலாசிரியர் தம் கைப்பட ஒரு வரி எழுதி, ஒப்பமிட்டு வழங்கிய பிரதியை அதே நூலின் மற்றப் பிரதிகளோடு சேர்த்து வைக்க நமக்கு மனம் வருவதில்லை. அலமாரியில் அதற்குத் தனி இடம் ஒதுக்குகிறோம்; நண்பர் இரவல் கேட்டால் தயங்குகிறோம். இந்த ஆசை முதிர்ந்து ஒருவருடைய வாழ்நாள் ஊதியத்தையே விழுங்கிய வரலாறு பாட்னா நகரில் உண்டு. அதற்குரியவர் கான் பகதூர் குதா பக்ஷ்.

பீகாரில் 1842ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் பிறந்த இவருக்குப் புத்தகப் பித்து தந்தைவழிச் சொத்து. தந்தையார் முகமது பக்ஷ் பாட்னாவில் வக்கீலாக இருந்தவர். முன்னோர் வைத்துச் சென்ற முந்நூறு சுவடிகளை அவர் ஆயிரத்து நானூறாகப் பெருக்கினார். அவர் காலத்துக் கதை ஒன்றை இங்கே சொல்லாமல் விட இயலவில்லை. எலியட் என்ற ஆங்கில அதிகாரி அவரிடம் அரியதொரு பாரசீகக் கவிதை நூலை இரவல் வாங்கினாராம். பின்னர் திருப்பித் தர மனமின்றி, பெரும் விலை தருவதாகச் சொன்னாராம். முகமது பக்ஷ் இசையவில்லை, நூலும் திரும்பவில்லை. துரை சீமைக்குப் புறப்படுங்கால் சிறந்த நூல்களைத் தனிப் பெட்டியில் அடைத்து, மற்றவற்றை ஏலத்துக்கு விட்டார். ஆட்கள் பெட்டியை மாற்றிவிட்டார்கள். ஏலத்தில் முகமது பக்ஷுக்குத் தம் நூலும் கிடைத்தது. அத்துடன் ஷாஜஹான் சக்கரவர்த்தியின் ஒப்பம் தாங்கிய வேறொரு நூலும் கைக்கு வந்தது!

1876இல் மரணப் படுக்கையில் கிடந்த தந்தை, இச்செல்வத்தை வளர்த்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டுமென்று மகனிடம் வாக்குப் பெற்றார். குதா பக்ஷும் வக்கீல் தொழிலில் பெரும் பொருள் ஈட்டினார், ஈட்டியதெல்லாம் ஏடுகளாயிற்று. ராம்பூர் நவாபுக்காகச் சுவடி தேடிக்கொண்டிருந்த முகமது மக்கீ என்ற அரபியரைத் தம்பால் இழுத்துக்கொண்டு, மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் பதினெட்டு ஆண்டுகள் சிரியாவிலும் எகிப்திலும் பாரசீகத்திலும் அலையவைத்தார். சுவடி கொண்டு பாங்கிப்பூர் வரும் வியாபாரி எவராயினும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ரயில் செலவு இரட்டிப்பாகக் கொடுப்பது அவர் வழக்கம். நாளடைவில் அரிய ஏடுகள் முதலில் அவர் வாசலுக்கே வரத் தொடங்கின. ஒருமுறை அவருடைய நூல்நிலையத்தில் களவுபோன ஏடுகளை வாங்கிய லாகூர் வியாபாரி, விவரம் அறியாமல் அவரிடமே விற்பனைக்கு அனுப்பிவைத்தானாம். இதற்குமேல் ஒருவருடைய புகழுக்கு வேறு சான்று வேண்டுமோ?

1895 முதல் 1898 வரை ஹைதராபாத்தில் நிஜாமின் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோதும் கண் ஓயவில்லை. மாவுக்கடை மூட்டையொன்றின்மேல் கிடந்த பழைய கட்டைக் கண்டு விலை கேட்டார். வேறு யாராயினும் மூன்று ரூபாய்க்குக் கொடுத்திருப்பேன், தாங்கள் கேட்பதால் இருபது என்றானாம் கடைக்காரன். மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அதனுள் இருந்த ஒரே நூலுக்கு நிஜாமே நானூறு ரூபாய் தர முன்வந்ததாகக் கூறுவர்.

இனி, அவர் திரட்டியவற்றுள் மன்னர்களின் கைக்குறிப்புகளைப் பார்ப்போம். கவி ஹாபிஸின் பாடல் தொகுதியைக் கண்மூடித் திறந்து, விரல் பட்ட பாட்டில் குறி பார்ப்பது மொகலாயர் வழக்கம். அவ்வாறு ஹுமாயூனும் ஜஹாங்கீரும் பயன்படுத்திய பிரதி இங்கே இருக்கிறது. எந்தக் காரியத்துக்காகக் குறி பார்த்தோம், என்ன பலித்தது என்பவற்றை அவர்கள் ஓரங்களில் தம் கையாலேயே எழுதிவைத்தார்கள். தந்தை அக்பரோடு பிணங்கி அலகாபாத்தில் இருந்த ஜஹாங்கீர், அவரிடம் திரும்பிச் செல்வதா என்று இந்நூலைத்தான் கேட்டார். தைமூர் வமிசத்தின் சித்திர வரலாற்றிலோ, இது தம் பாட்டனார் காலத்தில் உருவானதென ஷாஜஹான் எழுதிய குறிப்பு முகப்பில் விளங்குகிறது.

இவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது காம்ரானின் கவிதை நூல். ஹுமாயூனின் தம்பியான காம்ரான் அரசுரிமைக்காக அண்ணனோடு போரிட்டுத் தோற்று, 1553இல் கண்கள் பறிக்கப்பட்டு, மெக்காவில் மாண்டவர். அந்த ஹுமாயூனின் பேரன் ஜஹாங்கீர், இது என் தந்தையாரின் சிற்றப்பர் பாடிய நூல் என்று மரியாதையுடன் அதில் எழுதிவைத்திருக்கிறார். போர்க்களத்தில் அறுந்த உறவு இரண்டு தலைமுறைக்குப் பின் ஒரு தாளின்மேல் ஒட்டிக்கொண்டது.

அரிய நூலை இரவல் கொடுப்பவனையும், கிடைத்ததைத் திருப்பித் தருபவனையும் குருடர் கூட்டத்தில் சேர்த்து வேடிக்கையாகப் பேசுவது குதா பக்ஷின் வழக்கம். ஆனால் அவர் செய்தது வேறு. எண்பதாயிரம் ரூபாய் செலவில் கங்கைக் கரையில் மாடிக்கட்டிடம் எழுப்பி, சுமார் நாலாயிரம் சுவடிகளை வைத்து, 1891இல் பொதுவுக்கு எழுதிக்கொடுத்தார். ஏடுகள் பாட்னாவை விட்டு நீங்கலாகாது என்பதே அவர் விதித்த நிபந்தனை. பிரிட்டிஷ் மியூசியம் பெருந்தொகைக்குக் கேட்டபோதும் மறுத்தார். சென்ற நூற்றாண்டுகளில் நம் நாட்டுச் செல்வம் எத்தனையோ கப்பலேறிப் போயிற்று. விலை பேசியும் போகாதது மிகச் சிலவே என்பதை எண்ணினால் இம்மறுப்பின் அருமை தெரியும்.

அந்த மறுப்பு வசதியுள்ளவரின் பெருமிதமும் அன்று. முதுமையில் பக்கவாதம் தாக்கியது, தொழில் நின்றது, கடன் சூழ்ந்தது. அப்போதும் ஓர் ஏட்டையும் அவர் விற்கவில்லை. அரசாங்கம் கடன் தீர்க்க உதவி, அவரையே நூலகச் செயலாளராக்கி மாத ஊதியமும் அளித்தது.

1969இல் பாராளுமன்றம் இந்நூலகத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகச் சட்டமியற்றி ஏற்றது. இன்று அங்கே இருபதாயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகள் உள்ளன. பாட்னா வழியாகப் பயணம் செய்யும் நம் குடும்பத்தினர் அசோக ராஜபாதையில் ஒரு வேளை இறங்கிப் பார்க்கலாம். 1908ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் காலமான குதா பக்ஷ், அந்த நூலக வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.