மெல்லிய அலையைக் கேட்ட மேதை

பினாங்குத் துறைமுகத்தின் பட்டர்வொர்த் கரையில் கொள்கலன்கள் மலைபோல் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் சிலவற்றில் மீன், இறைச்சி, பழம் போன்ற விரைவில் கெட்டுப்போகும் பொருள்கள் இருக்கும். கொள்கலனின் வெப்பநிலை உயர்ந்தால் அதனை உடனே அறிவிக்க வேண்டும். கையடக்கமான ஓர் உணர்கருவி இப்பணியைச் செய்ய வல்லது. அது சிறிய மின்கலத்தைக் கொண்டு பல ஆண்டுகள் இயங்கும். பல கிலோமீட்டருக்கு அப்பாலும் செய்தி அனுப்பும். ‘லோரா’ எனப்படும் கம்பியில்லாத் தொழில்நுட்பமே இதற்குத் துணைபுரிகிறது.

இக்கருவி செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஆற்றல் பெரும்பாலும் ஒரு வாட்டில் நாற்பதில் ஒரு பங்குதான். இவ்வளவு மெல்லிய குரல் கடலைக் கடந்து அக்கரையிலுள்ள ஜோர்ஜ் டவுனை எப்படி எட்டுகிறது? செய்தியைப் பெறும் கருவியின் செவி கூர்மையாக இருப்பதே காரணம். உரக்கக் கத்துவதைவிடக் கூர்ந்து கேட்பதே கம்பியில்லாத் தொடர்பின் உயிர்நாடி. அந்தச் செவியைக் கூர்மையாக்க நூறாண்டுகளுக்கு முன்பே உழைத்த அறிவியலறிஞர்களுள் ஒருவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்திலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்க உயரதிகாரி. அக்காலத்தில் உயரதிகாரிகள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ தம் மகனை வங்காளமொழிப் பள்ளியில் சேர்த்தார். பிள்ளை முதலில் தாய்மொழியையும் தன் மக்களையும் அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. பள்ளியில் மீனவர் மகனும் பணியாளர் மகனும் போஸின் அருகில் அமர்ந்தனர். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிரினங்கள் பற்றி அவர்கள் கூறிய கதைகள் இயற்கையின்மீது அவருக்குத் தீராத ஆர்வத்தை ஏற்படுத்தின.

பின்னர், கொல்கத்தாவின் புனித சேவியர் கல்லூரியில் பயின்றபோது, லாஃபோன் பாதிரியார் நடத்திய இயற்பியல் பாடங்கள் அவரைக் கவர்ந்தன. 1880ஆம் ஆண்டு மருத்துவம் படிக்க இலண்டன் சென்றார். உடல்நலக் குறைவால் அப்படிப்பைத் தொடர இயலவில்லை. எனினும், அவர் மனம் தளரவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்று 1884ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

1885ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய போஸ், கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். அங்கே ஓர் அநீதி அவரை எதிர்கொண்டது. ஒரே பணியைச் செய்தாலும் ஐரோப்பியப் பேராசிரியர்களைவிட இந்தியர்களுக்குக் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டது. போஸ் பணியிலிருந்து விலகவில்லை. எவரோடும் சச்சரவு செய்யவுமில்லை. மூன்று ஆண்டுகள் ஊதியத்தைத் தொடாமலேயே பாடம் நடத்தினார். குடும்பமோ அப்போது கடனில் தத்தளித்துக் கொண்டிருந்தது. இறுதியில் நிர்வாகம் அவருடைய திறமையையும் உறுதியையும் ஏற்று, முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு வழங்கியது. அப்பணத்தைக் கொண்டு அவர் தந்தையின் கடனை அடைத்தார்.

ஆராய்ச்சிக்கு அக்கல்லூரியில் தக்க கூடம் இல்லை. குளியலறையை ஒட்டியிருந்த ஒரு சிற்றறையையே போஸ் ஆய்வுக்கூடமாக்கினார். தகர வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளி ஒருவரைப் பழக்கித் தமக்கு வேண்டிய கருவிகளைச் செய்துகொண்டார். அக்கருவிகளைக் கொண்டு சில மில்லிமீட்டர் நீளமே உடைய மின்காந்த அலைகளை உருவாக்கினார். 1895ஆம் ஆண்டு கொல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் முன்னிலையில் ஒரு சோதனை நடைபெற்றது. கண்ணுக்குத் தெரியாத அலைகள் சுவர்களை ஊடுருவிச் சென்று, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தையும் பற்றவைத்தன.

அலையை அனுப்புவதைவிட அதனை உணர்வதே அன்று பெரிய சிக்கலாக இருந்தது. உலோகத்தூள் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாயே அக்கால உணர்கருவி. அலை பட்டதும் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த அலையை உணர, குழாயைத் தட்டித் தூளைக் கலைக்க வேண்டும். வங்காளத்தின் ஈரக்காற்றில் இரும்பு விரைவில் துருவும் பிடித்தது. போஸ் தூளுக்குப் பதிலாகச் சிறு எஃகுச் சுருள்களைப் பயன்படுத்தினார். பிறகு, இரும்பும் பாதரசமும் கொண்டு, தட்டாமலேயே பழைய நிலைக்குத் திரும்பும் உணர்கருவியை உருவாக்கி 1899ஆம் ஆண்டு அறிவித்தார். 1901ஆம் ஆண்டு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்த சமிக்ஞையைக் கேட்க மார்க்கோனி பயன்படுத்திய பாதரச உணர்கருவிக்குப் போஸின் ஆய்வே மூலம் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

அதன் பின்னர், போஸ் கலீனா என்னும் ஈயக் கனிமத்தின் படிகத்தைக் கொண்டு மற்றோர் உணர்கருவியை அமைத்தார். தம் கண்டுபிடிப்புகளைப் பணமாக்க அவர் விரும்பவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் மட்டுமே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1904ஆம் ஆண்டு அமெரிக்கா அதனை வழங்கியது. குறைக்கடத்திப் பொருளாலான கருவிக்குக் கிடைத்த மிகப் பழைய காப்புரிமைகளுள் அதுவும் ஒன்று. ஆயினும், அதிலிருந்து வருமானம் தேட அவர் முனையவில்லை. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரும் நோபல் பரிசு பெற்றவருமான வால்டர் பிராட்டைன், அலைகளை உணரக் குறைக்கடத்திப் படிகத்தைப் பயன்படுத்துவதில் போஸே முன்னோடி என்பதைப் பின்னாளில் ஏற்றுக்கொண்டார்.

அவ்வகைக் குறைக்கடத்தித் தொழிலே 1972ஆம் ஆண்டு முதல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் வேரூன்றி வளர்ந்துள்ளது. லோராவின் அலை போஸ் ஆராய்ந்த அலையைவிடப் பன்மடங்கு நீளமானது. ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் இருக்கும். கருவியின் வடிவமும் முற்றிலும் மாறிவிட்டது. இன்றைய சில்லு, சுற்றுப்புற இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும் செய்தியையும் பிரித்தெடுக்கிறது. ஆனால், மெல்லிய அலையைத் தவறவிடாமல் கேட்க வேண்டும் என்ற நோக்கம் மட்டும் மாறவில்லை.

போஸின் கவனம் பின்னர்த் தாவரங்களின்பால் திரும்பியது. கண்ணுக்குப் புலப்படாத செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ‘கிரெஸ்கோகிராஃப்’ என்னும் கருவியை அமைத்தார். வெப்பமும் நஞ்சும் செடியைத் தாக்கும்போது அது எவ்வாறு துலங்குகிறது என்பதை அளந்து காட்டினார். அவர் கூறிய முடிவுகள் சிலவற்றை அக்கால அறிஞர்கள் ஏற்கத் தயங்கினர். அவரோ மறுப்புகளுக்கு மீண்டும் மீண்டும் சோதனைகளாலேயே விடையளித்தார். தாய்மொழியான வங்காளத்திலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார்.

1917ஆம் ஆண்டு, தம் பிறந்தநாளன்று கொல்கத்தாவில் போஸ் ஆய்வுக்கழகத்தை நிறுவினார். சிற்றறையில் தாம் பட்ட பாட்டை இளம் ஆய்வாளர்களும் படக்கூடாது என்று அவர் எண்ணினார். 1920ஆம் ஆண்டு இலண்டன் அரசுக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு பெற்றார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிரிடி என்னும் ஊரில் இயற்கை எய்தினார்.

ஊதியத்துக்காகக் குரல் உயர்த்தாமலேயே தம் உரிமையை நிலைநாட்டியவர் போஸ். செடியின் சிறு அசைவையும் அலையின் மெல்லிய தொடுகையையும் ஒரே அக்கறையோடு கவனித்தார். வசதி குறைந்த அறையில் அமர்ந்து உற்றுக் கேட்ட அந்த மனிதரின் பொறுமையே அவருடைய மிகச் சிறந்த கருவியாக விளங்கியது.