யார் இந்த ஜார்ஜ் ஆடம்சன்? வளர்த்த சிங்கங்களைக் காட்டுக்கே திருப்பி அனுப்பியவரின் கதை

மனுஷங்க கையில் வளர்ந்த சிங்கத்தை மறுபடியும் காட்டில் விட்டால் பிழைக்குமா? இந்தக் கேள்விக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர் ஜார்ஜ் ஆடம்சன். 1906-ல் இவர் பிறந்தது நம்ம இந்தியாவில்தான், இன்றைய உத்தரப்பிரதேசத்தின் எட்டாவாவில். 1924-ல் கென்யா போனவர், 1938-ல் அங்கே வனவிலங்குத் துறையில் சேர்ந்தார்.

எல்சா வந்த கதை

1956-ல் தன் மீது பாய வந்த ஒரு பெண் சிங்கத்தை ஜார்ஜ் சுட்டார். அதுக்கு மூன்று குட்டிகள் இருப்பது பிறகுதான் தெரிந்தது. ரெண்டு குட்டிகள் நெதர்லாந்தின் ராட்டர்டாம் உயிரியல் பூங்காவுக்குப் போயின. மூன்றாவதான எல்சாவை ஜார்ஜும் மனைவி ஜாயும் வளர்த்துக் காட்டில் விட்டாங்க. வேட்டையாடப் பழகிய எல்சா, காட்டுச் சிங்கத்துடன் சேர்ந்து மூன்று குட்டிகளும் போட்டது. 1961-ல் உண்ணி பரப்பும் நோயால் இறந்தது. ஜாய் எழுதிய 'பார்ன் ஃப்ரீ' புத்தகம் 1966-ல் படமாகவும் வந்தது.

கூட்டம் ஏன் முக்கியம்?

வேட்டை தெரிந்தால் மட்டும் போதாது. சிங்கம் கூட்டமாக வாழும் விலங்கு. தனியாக விட்டால், அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் சிங்கங்கள் விரட்டும், கொல்லவும் செய்யும். அதனால் 1970-ல் கோரா பகுதிக்குப் போன ஜார்ஜ், ஒரு கூட்டத்தையே உருவாக்கப் பார்த்தார். லண்டன் கடையில் விற்கப்பட்ட கிறிஸ்டியன் என்ற இளம் சிங்கத்தை, 'பாய்' என்ற பெரிய ஆண் சிங்கத்துடன் முதலில் வேலிக்கு இருபுறமும் வைத்துப் பழக்கினார். கிறிஸ்டியன் அடங்கிப் போனதும் பாய் அதை ஏற்றுக்கொண்டது.

பயம் போனால் ஆபத்து

ஆனா மனிதர்களிடம் பயம் இல்லாத சிங்கம் ஆபத்தானது. 1969-ல் ஒரு குழந்தையைக் காயப்படுத்திய பாய், 1971-ல் ஜார்ஜின் உதவியாளரையே கொன்றது. ஜார்ஜ் தன் கையாலேயே அதைச் சுட்டார்.

அதனால்தான் சிங்கங்களைப் புதிய இடத்தில் குடியேற்றும் ஆப்பிரிக்கக் காப்பகங்கள் இப்போது பெரும்பாலும் காட்டில் பிறந்தவற்றையே எடுக்கின்றன. அதேசமயம், அறிமுகமில்லாத சிங்கங்களை வேலிக்குள் பழக வைத்து, கூட்டமாகத் திறந்துவிடும் முறையும் தொடர்கிறது.

1989 ஆகஸ்ட் 20-ல், கொள்ளையர்களிடம் சிக்கிய விருந்தினரைக் காப்பாற்றப் போன ஜார்ஜ் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 83 வயது. கோராவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கோரா இன்று தேசியப் பூங்கா.